கண்ணுக்கு ஓர் எழுத்து, கணினிக்கு மூன்று

கொரிய மொழியில் பெயரிட்ட கோப்பு சர்வரில் இருந்தும் தேடலில் அகப்படவில்லை என்ற புகார் இந்த மாதமும் வந்தது, காரணமும் பழையதே. மேக்கில் பெயரிட்ட கோப்பில் அசைகள் மெய், உயிர் என்ற உறுப்புகளாகப் பிரிந்திருந்தன. தேடியவர் விண்டோஸில் தட்டச்சு செய்ததோ முழு அசைகள். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரிவதால், எழுத்துருவில்தான் கோளாறு என்று அதையே மாற்றி மாற்றிப் பார்த்திருக்கிறார்கள்.

சீனத்தைப் போலவே கொரியத்துக்கும் ஆயிரக்கணக்கான தனித்தனி எழுத்துகள் உண்டு என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிட வேண்டும். மன்னர் செஜோங் 1446-இல் வெளியிட்ட ஹங்குல், மெய்யையும் உயிரையும் ஒரே சதுரத்துக்குள் அடுக்கும் எழுத்துமுறை. தொடக்க மெய் 19, உயிர் 21, இறுதி மெய் 27. இறுதி மெய் இல்லாமலும் அசை முடியலாம் என்பதால் கடைசி இடத்துக்கு வாய்ப்புகள் 28. இவற்றைப் பெருக்கினால் வரும் 11,172 அசைகளையும், எழுத்துகளுக்கு எண் தரும் உலகத் தரமான யூனிகோட் 44032 என்ற எண் முதல் இதே வரிசையில் வைத்திருக்கிறது. 'ஹன்' என்ற அசையில், சுழியத்திலிருந்து எண்ணினால், ஹ 18, அ 0, ன் 4. (18×21+0)×28+4 என்பது 10588, அதனுடன் 44032-ஐக் கூட்டினால் 54620. அதே அசையை மூன்று உறுப்புக் குறிகளாகவும் எழுதலாம், அதுவும் முறையானதே. ஆனால் அந்த எண்களைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8-இல் 3 பைட் 9 பைட்டாகிவிடும். தமிழில் 'கொ'வின் துணைக்குறியை ஒரே குறியாகவும், 'ெ', 'ா' என இரண்டாகவும் சேமிக்க முடிவதும் இதே சிக்கல்தான்.

பழைய குறியாக்கம் இதைவிட மோசம். 1987-ஆம் ஆண்டின் கொரியத் தரம் 2,350 அசைகளுக்கே இடம் தந்தது. மீதமுள்ள 8,822 அசைகளை மைக்ரோசாஃப்டின் சிபி949 குறியாக்கம் பின்னர் சேர்த்தது. ஆகவே, புதிய தரவை, அந்த 1987 தரத்தின் குறியாக்கமான இயுசி-கேஆரில் சேமிக்காதீர்கள். அரிய அசை கொண்ட ஒருவரின் பெயர் கேள்விக்குறியாக மாறிவிட்டால், அந்தக் கேள்விக்குறியிலிருந்து பெயரை மீட்க வழியே இல்லை.

உரை உள்ளே வரும் வாயிலிலேயே பிரிந்த உறுப்புகளை முழு எழுத்தாகச் சேர்க்கும் யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றுங்கள்; தேடுசொல்லையும் அப்படியே மாற்றுங்கள். கடவுச்சொல்லை ஹேஷ் செய்வதற்கு, அதாவது மீட்க முடியாத குறியீடாக மாற்றுவதற்கு, முன்பும் இது கட்டாயம். பலர் மறக்கும் இடம் இதுதான். நீளமான பெயரைப் பைட் கணக்கில் வெட்டாதீர்கள், அசை நடுவில் உடைந்துவிடும். வெளியிடுவதற்கு முன், இறுதி மெய் உள்ள பெயர் கொண்ட ஒரு கோப்பை மேக்கிலிருந்து ஏற்றி, விண்டோஸிலிருந்து தேடிப் பாருங்கள், தயவுசெய்து.