பைபர் போட்டைச் சோதிக்கும்போது எந்தத் திசையில் என்று கேளுங்கள்

திருகோணமலையின் கொட்பே பக்கமிருந்து ஒரு அண்ணன் தன் பைபர் போட்டின் அடியில் வெட்டிய துண்டோடு வந்தார். கழியொலி (காதுக்குக் கேட்காத உயர்ந்த ஒலி) மெஷினால் தடிப்பு பார்த்தவர் 12 மில்லிமீற்றர் என்று எழுதிக் கொடுத்திருந்தாராம். கலிப்பரை வைத்தேன், 6 கூட இல்லை. மெஷின் பழுதில்லை. ஒலி உள்ளே போய்த் திரும்பும் நேரத்தையும் நாம் கொடுக்கும் ஒலிவேகத்தையும் வைத்துத்தான் அது தடிப்பைக் கணக்கிடும். உருக்குக்கு அமைத்த வேகத்தை, செக்கனுக்கு 5900 மீற்றரை, மாற்றாமலே பைபரில் வைத்திருக்கிறார்கள். பைபரின் தடிப்புக்கு ஊடாகக் கழியொலி ஏறத்தாழ 2800 மீற்றரில்தான் போகும், அதனால் இருமடங்குக்கு மேலே காட்டிவிட்டது. அந்த 6 மில்லிமீற்றரை நம்பித்தான் மனிதர் கடலுக்குப் போகிறார்.

அப்போ 2800 ஆக்கினால் சரிதானே என்றார். தடிப்புக்கு மட்டுமென்றால் பெரும்பாலும் சரி. உள்ளே படைகள் பிரிந்திருக்கிறதா, வெடிப்பு இருக்கிறதா என்று புரோப்பை (ஒலியை அனுப்பிப் பிடிக்கும் முனையை) சாய்த்துத் தேடினால் அந்த ஒரு எண் போதாது. இதைக் கண்ணால் காட்ட எங்கள் நீர்த்தொட்டிக்குக் கூட்டிப்போனேன். ஒரு புரோப் ஒலி அனுப்பும், மற்றது தெறிப்பைப் பிடிக்கும், நடுவே துண்டு. நூல்கள் எல்லாம் ஒரே பக்கமாக ஓடும் ஒரு கண்ணாடி நூல் பலகையை வைத்து, கோணத்தை ஒவ்வொரு பாகையாகக் கூட்டினேன். நூலின் வழியே போகும்போது ஏறத்தாழ 17 பாகையிலேயே தெறிப்பு திடீரென்று உச்சத்துக்கு ஏறியது, அதுதான் அவதிக்கோணம், அதாவது ஒலி பலகைக்குள் நுழையாமல் மேற்பரப்பை ஒட்டி ஓடத் தொடங்கும் கோணம். பலகையில் ஒலிவேகம் கூடினால் இந்தக் கோணம் சிறுக்கும். அதே பலகையைத் தட்டையாகவே 90 பாகை திருப்பி வைத்தேன், உச்சம் 32 பாகைக்குக் கிட்டப் போய்விட்டது. ஒரே துண்டுதான், ஆனால் நூல் வழியே ஒலி 5000 மீற்றரை ஒட்டி ஓடுகிறது, நூலுக்குக் குறுக்கே கிட்டத்தட்ட அதில் பாதி. இடைப்பட்ட திசைகளில் இன்னும் சிக்கல்: ஒலியின் சக்தி நாம் அனுப்பிய கோட்டில் போகாமல் நூல் பக்கமாக ஒதுங்கும், அதனால் வெடிப்பு ஓரிடம், திரையில் குறி வேறிடம்.

மெட் (வெட்டிய நூல்களைப் பரப்பிய விரிப்பு) மட்டும் போட்ட பலகையில் நூல் நாலாபக்கமும் சிதறிக் கிடப்பதால் இந்த வித்தியாசம் குறைவு. நெய்த ரோவிங் (தடித்த நூல்கற்றைகளால் நெய்த துணி) போட்டதில் கவனம் வேண்டும்.

அப்புறம் தண்ணீர். திருகோணமலை வெயிலில் காலையில் 27 பாகை செல்சியஸாக இருந்த தொட்டித் தண்ணீர் மத்தியானம் 31 ஆகிவிடும். ஒரு பாகைக்குத் தண்ணீரில் ஒலிவேகம் ஏறத்தாழ இரண்டரை மீற்றர் கூடும், அதனால் ஒவ்வொரு அளவீட்டோடும் வெப்பநிலையையும் எழுதுகிறேன். குழாயில் பிடித்தவுடன் அளப்பதுமில்லை, பலகையில் ஒட்டும் குமிழிகளே பொய்த் தெறிப்பு தரும், ஒரு இரவு ஆறவிட வேண்டும்.

போட்டைச் சோதிக்க வருகிறவரிடம் எந்தப் பொருளில் மெஷினை அமைத்தீர்கள், எத்தனை திசையில் பார்த்தீர்கள் என்று தயங்காமல் கேளுங்கள். துண்டு வெட்டிக் கொண்டு வருவதானால், அந்த அண்ணனிடம் சொன்னதையே உங்களிடமும் சொல்கிறேன்: வெட்டுவதற்கு முன்னமே அணியம் (போட்டின் முன்முனை) எந்தப் பக்கம் என்று மார்க்கரால் ஒரு அம்புக்குறி போட்டுவிடுங்கள்.