ஃபிரெஸ்கோ: ஈரம் காயுமுன்

சுவரில் தீட்டிய எதைக் கண்டாலும் 'ஃபிரெஸ்கோ' என்று எழுதிவிடுகிறோம். அஜந்தாவுக்கும் இந்தப் பெயரைத்தான் ஒட்டுகிறார்கள். அஜந்தா ஓவியங்கள் காய்ந்த பூச்சின்மேல் பசை கலந்த வண்ணத்தால் தீட்டியவை. அவை சுவரோவியம்தான், ஃபிரெஸ்கோ அல்ல.

இத்தாலிய மொழியில் 'ஃபிரெஸ்கோ' என்றால் புதியது, குளுமையானது. ஜெர்மானிய வேரிலிருந்து அங்கே போன சொல். ஜூஸ் கடைப் பலகையில் இருக்கும் 'ஃபிரெஷ்' இதற்குப் பங்காளி. (ஒருவரை 'அல் ஃபிரெஸ்கோ'வில் வைத்தார்கள் என்றால், இத்தாலியப் பேச்சு வழக்கில் ஜெயிலில் போட்டார்கள் என்று பொருள். குளுமைக்கு இப்படியும் ஒரு பயன்!)

ஓவியத்தில் புதிதாக இருக்க வேண்டியது சுண்ணாம்புப் பூச்சு. அதன் ஈரம் காயுமுன், தண்ணீரில் மட்டும் குழைத்த வண்ணப்பொடியைத் தீட்டுகிறார்கள். பிசின் கிடையாது, முட்டைக் கரு கிடையாது. நீற்றிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து மறுபடி சுண்ணாம்புக்கல்லாக இறுகும்போது, வண்ணம் அதற்குள்ளேயே சிறைப்படுகிறது. வெள்ளையடித்த சுவரில் சாய்ந்தால் முதுகெல்லாம் ஒட்டும். இது அப்படி ஒட்டாது. வண்ணம் சுவரின்மேல் இல்லை, சுவராகவே ஆகிவிட்டது.

அதனால் ஒரு நாளில் தீட்டி முடிக்கும் அளவுக்குத்தான் கடைசிப் பூச்சைப் பூசுவார்கள். அந்தத் துண்டுக்கு 'ஜோர்னாத்தா' என்று பெயர், அதாவது ஒரு நாள் வேலை. 1508 முதல் 1512 வரை மைக்கலாஞ்சலோ தீட்டிய, வாடிகனிலுள்ள சிஸ்டைன் தேவாலய விதானத்தில் இந்தத் துண்டுகளின் ஒட்டு இன்றும் தெரிகிறது. லியனார்டோ இந்த அவசரத்துக்கு உடன்படவில்லை. 'கடைசி இராவுணவை' மிலானில் காய்ந்த சுவரில் நிதானமாகத் தீட்டினார். அவர் காலத்திலேயே அது உரியத் தொடங்கிவிட்டது.

தமிழில் என்ன சொல்வது? 'சுவரோவியம்' பொதுப்பெயர், போதாது. 'சுதை ஓவியம்' என்பார்கள். சுதை என்றால் சுண்ணாம்புச் சாந்து. நல்ல சொல்தான். மணிமேகலையிலேயே புகார் நகரத்து மாடங்களில் 'வெண்சுதை விளக்கத்து வித்தகர் இயற்றிய கண்கவர் ஓவியம்' வருகிறது. ஆனால் சுதை என்றதும் இன்று நம் மனசில் நிற்பவை கோபுரத்துப் பொம்மைகள். தவிர, காய்ந்த சுதையிலும் ஓவியம் தீட்டலாம். இத்தாலியர் அதை 'செக்கோ' என்று தனியே பிரிக்கிறார்கள். ஆகவே ஃபிரெஸ்கோவுக்கு 'ஈரச்சுதை ஓவியம்', செக்கோவுக்கு 'உலர்சுதை ஓவியம்' என்பதே என் கட்சி. ஈரத்தை விட்டுவிட்டால் சொல்லின் உயிரே போய்விடும்.

இந்தச் சொல்லைப் பழக நமக்கு இத்தாலிவரை போக வேண்டியதில்லை. தஞ்சைப் பெரிய கோயில் கருவறையைச் சுற்றிய உள்சுற்றில், நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் இருப்பதை 1931இல் வரலாற்று ஆய்வாளர் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டார். பிறகு சென்னை அருங்காட்சியகத்தின் வேதியியலாளர் எஸ். பரமசிவன் அந்தப் பூச்சை ஆராய்ந்து, சோழர் தீட்டியது ஈரச் சுண்ணாம்பில்தான் என்று சொன்னார்.