தப்பு யார் மேலைங்க, மேடம்?

கோவையில் தம்பதிகளுக்கு மனநல ஆலோசனை சொல்லும் என்னிடம் முதல்முறை வருபவர்களில் பலர் உட்கார்ந்ததுமே இதைத்தான் கேட்கிறார்கள். கேட்பதில் வியப்பில்லை. கொங்குப் பக்கம் குடும்பச் சண்டை என்றால் இரண்டு வீட்டுப் பெரியவர்களும் பங்காளிகளும் கூடிப் பேசி முடிப்பதுதான் வழக்கம். நகை, பணம், பாகப்பிரிவினைக்கு அது உதவும். பேச்சே குறைந்துபோன இரண்டு பேருக்குத் தீர்ப்புச் சொல்லி என்ன ஆகப்போகிறது? ஜெயித்தவரும் தோற்றவரும் ஒரே வண்டியில்தான் வீட்டுக்குப் போக வேண்டும்.

நான் செய்வது ஒருங்கிணைந்த ஆலோசனை. எடை போடாமல் காது கொடுத்துக் கேட்பதை உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸிடமிருந்தும், எண்ணம் மனநிலையை எப்படிப் புரட்டுகிறது என்று பார்ப்பதை 1960களில் மனநல மருத்துவர் ஆரோன் பெக் உருவாக்கிய சிபிடி என்ற எண்ண-நடத்தைச் சிகிச்சையிலிருந்தும், தம்பதிகளுக்கான உணர்வுமைய முறையை 1980களில் அதை வகுத்த சூ ஜான்சன், லெஸ்லி கிரீன்பெர்க்கிடமிருந்தும் எடுத்துக்கொள்கிறோம். எது எப்போது என்பது வந்திருப்பவரைப் பொறுத்தது.

திருப்பூர்ப் பக்கம் அடிக்கடி பார்ப்பதைச் சொல்கிறேன் (பலரின் அனுபவங்களைக் கலந்தது). கணவருக்கு பனியன் ஜாப் ஒர்க். ஷிப்மென்ட் நேரத்தில் வீடு திரும்ப நள்ளிரவாகும். மனைவி பணத்தைப் பற்றிக் கேட்டால் அவர் போனை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விடுவார். அவர் விலக விலக இவர் குரல் ஏறும். குரல் ஏற ஏற அவர் இன்னும் விலகுவார்.

முதலில் நான் கேட்பது தூக்கம், குடி, சுகர், தைராய்டு. நாலு மணி நேரம் தூங்குகிறவரிடம் நிதானத்தை எதிர்பார்ப்பது வீண். தேவைப்பட்டால் டாக்டரிடம் அனுப்பிவிடுவேன். அப்புறம் தனித்தனி அமர்வு. "கணக்குக் கேட்டா என்னைய நம்பலைன்னுதானுங்க அர்த்தம்" என்பார் அவர். இன்னும் கொஞ்சம் பேசினால், கடனுக்குத் தறியை விற்ற அப்பா பேச்சில் வருவார். மனைவியோ, "வேற எதைக் கேட்டாலும் 'ம்'ங்கறாருங்க, பணத்தைக் கேட்டாத்தான் கோபமாவது வருது" என்பார். இந்த இரண்டு வாக்கியங்களையும் அவர்கள் ஒருவருக்கொருவர் நேரில் சொல்ல வைப்பதுதான் என் வேலையில் பெரும்பகுதி. இது சில வாரங்களிலேயே முடிந்துவிடுவதில்லை. சிலர் பிரிவதென்று தெளிவாக முடிவெடுப்பதும் உண்டு. அதை நான் தோல்வியாக எண்ணுவதில்லை.

தனி அமர்வில் சொன்ன ரகசியத்தை என்ன செய்வது என்பதை முதல் நாளே மூவரும் பேசி வைத்துக்கொள்வோம். "ஏங் கண்ணு, மருமவ என்ன சொன்னா?" என்று போன் செய்யும் மாமியார்களுக்குப் பதில் கிடையாது, ஃபீஸ் அவர்களே கட்டியிருந்தாலும். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் விதிவிலக்கு.

அடி, மிரட்டல் இருக்கும் வீடென்றால் இருவரையும் சேர்த்து உட்கார வைக்க மாட்டேன். இங்கே மனம் திறந்து பேசியதற்கு வீட்டில் அடி விழலாம். முதலில் பாதுகாப்பு, பெண்களுக்கான உதவி எண் 181.

குடும்ப நீதிமன்றங்களிலும் ஆலோசகர்கள் உண்டு, 1984ஆம் ஆண்டுச் சட்டமே அதற்கு இடம் தருகிறது. ஆனால் வக்கீல் நோட்டீஸ் போன பிறகு மனம் திறப்பது கடினம்.

"அவரு வரமாட்டேங்கறாருங்க" என்றால், சரி, நீங்கள் மட்டும் வாருங்கள். ஒருவர் பதில் சொல்லும் விதம் மாறினாலே அந்தப் பழைய சண்டை பழையபடி ஓடாது. வெளியே வரத் தயக்கமாக இருந்தால் 14416க்கு அழைக்கலாம். அது மத்திய அரசின் தொலைபேசி மனநல உதவியான டெலி மானஸ். 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.