கரையத் தெரிந்த வலை

குடலிறக்க அறுவை சிகிச்சையில் வயிற்றுச் சுவரின் ஓட்டையைத் தைத்து மூடினால் மட்டும் பல நேரம் போதாது. இருமினாலே தையல் இழுபடும். அதனால் மேலே ஒரு வலையை ஒட்டுப்போடுவார்கள். பெரும்பாலும் அது பாலிபுரொப்பிலீன். சாப்பாட்டு டப்பா செய்கிற அதே பிளாஸ்டிக்.

குடலிறக்கத்தில் அது பெரும்பாலும் நன்றாகவே உழைக்கிறது, அதைச் சொல்லிவிட வேண்டும். இடுப்புத் தளத்தில்தான் வம்பு. கருப்பையும் சிறுநீர்ப்பையும் கீழிறங்காமல் தாங்க, யோனி வழியாக வைத்த வலைகள் பல பெண்களுக்குத் தீராத வலியைத் தந்தன. சிலருக்கு யோனிச் சுவரை அரித்துக்கொண்டு வெளியே தெரிந்தன. 2019 ஏப்ரலில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இவற்றின் விற்பனையை நிறுத்தச் சொன்னது. சரி, எடுத்துவிடலாமே என்றால் அதுவும் எளிதல்ல. கண்ணிகளுக்குள் திசு வளர்ந்து பின்னிக்கொண்டிருக்கும்.

நம் உடலின் விழுங்கு செல்களால் பிளாஸ்டிக்கைச் செரிக்க முடியாது. ஆனாலும் விடுவதில்லை. ஒன்றோடொன்று இணைந்து ராட்சத செல்களாகி இழையைச் சூழ்ந்துகொள்கின்றன. சுற்றிலும் தழும்புத் திசு தடிக்கிறது, சுருங்குகிறது, வலையையும் சேர்த்து இழுக்கிறது.

பிளாஸ்டிக்குக்குப் பதிலாக, வேலை முடிந்ததும் கரைந்துபோகும் வலையைப் பட்டில் செய்யலாமா என்று பார்க்கிறார்கள். பட்டு ஒரு புரதம். கூட்டிலிருந்து வரும் இழையில் உள்ளே ஃபைப்ரோயின், வெளியே செரிசின் என்ற பசை. சோடியம் கார்பனேட் கரைசலில் கொதிக்கவைத்தால் பசை போய்விடும். மிஞ்சும் ஃபைப்ரோயினில் கிளைசின், அலனின், செரின் என்ற அமினோ அமிலங்கள் திரும்பத் திரும்ப வந்து, சங்கிலிகள் மடிப்புத் தாள்களைப் போல இறுக அடுக்கிப் படிகமாகின்றன. நொதிகள் இந்தப் படிகத்தைக் கடிக்கத் திணறும்; நடுவிலுள்ள தளர்ந்த பகுதிகளைத்தான் முதலில் தின்னும்.

கரையும் வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஆராய்ச்சியாளர்களுக்குக் கிடைத்த திருகு இதுதான். ஃபைப்ரோயினை லித்தியம் புரோமைடில் கரைத்து, உப்பை நீக்கி, மெல்லிய படலமாகவோ நுண்ணிழையாகவோ மாற்றலாம். அப்புறம் மெத்தனாலோ நீராவியோ பட்டால் படிகங்கள் கூடும். படிகம் கூடக்கூட, கரைவது தாமதமாகும்.

மருத்துவ வகைப்பாட்டில் பட்டுத் தையல் நூல் ‘கரையாதது’. வேடிக்கைதான், உடலுக்குள் ஓராண்டுக்குள் அது தன் வலிமையில் பெரும்பகுதியை இழந்துவிடும்.

சிரமம் நேரக் கணக்கில் இருக்கிறது. ஓட்டையை மூட உடல் உருவாக்கும் புதிய கொலாஜன், அதாவது திசுவுக்கு வலுத்தரும் புரதம், முதலில் தாறுமாறாகத்தான் படியும். சீராக முறுக்கேறப் பல மாதங்கள் ஆகும். அதற்குள் பட்டு தளர்ந்தால் ஓட்டை மறுபடி திறக்கும். நெடுநாள் தங்கினால் பிளாஸ்டிக்கின் தொல்லைகள் இதற்கும் வரலாம். போதாததற்கு, சர்க்கரை நோயாளிக்கும் புகைபிடிப்பவருக்கும் காயம் மெதுவாக ஆறும். வலையைத் தயாரிக்கும்போதே அதன் ஆயுளைத் தீர்மானித்துவிட வேண்டும். அது யார் வயிற்றுக்குள் போகும் என்பது அப்போது தெரியாது.