பிஸ்டலோடு குப்புறப் படுக்கிறவர்களுக்கு

50 மீட்டர் ரைஃபிள் போட்டியில் படுத்துச் சுடுவது மூன்று நிலைகளில் ஒன்று. ஒலிம்பிக்கின் பிஸ்டல் போட்டிகளோ எல்லாமே நின்றபடிதான். அதனால், இடம் மாறி மாறிச் சுடும் நடைமுறைப் போட்டிகளிலோ காவலர் பயிற்சியிலோ பிஸ்டலோடு படுக்கச் சொன்னால், பலர் ரைஃபிள் பழக்கத்தையே இங்கும் கொண்டுவருகிறார்கள். தரை கையைத் தாங்குகிறது, இனி குறி தப்பாது என்ற தைரியம் வேறு. சுடுதளத்தில் பயிற்சி கொடுப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: நிற்கும்போது இல்லாத சில தொல்லைகள் படுத்தவுடன் வந்து சேருகின்றன.

முதல் தொல்லை, படுப்பதற்கு முன்பே வருகிறது. உடல் முன்னால் சாயும்போது வெறுங்கை தானாகத் தரையைத் தேடும். பிஸ்டலின் குழல் குட்டை. ஊன்றப்போகும் அந்தக் கை குழலுக்கு முன்னால் வந்துவிட ஒரு நொடி போதும். இன்னொன்றும் உண்டு. தடுமாறி ஒரு கை எதையாவது இறுகப் பற்றினால், மறு கையின் விரல்களும் நம்மைக் கேட்காமல் இறுகும். சுட்டுவிரல் அப்போது விசையின் மேல் இருந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. ஆகவே விரல் விசைக்கு வெளியே, குழல் இலக்குப் பக்கம், வெறுங்கை துப்பாக்கிக்குப் பின்னால், முழங்கால் முதலில். எழும்போதும் இதே ஒழுங்குதான். சுட்டு முடித்த நிம்மதியில் குழலைப் பக்கத்து ஆள் பக்கம் திருப்பிக்கொண்டே எழுகிறவர்களைத்தான் நான் அதிகம் அதட்டியிருக்கிறேன்.

அடுத்தது, கண்ணுக்குத் தெரியாத இரண்டு சென்டிமீட்டர். குறிகள், அதாவது குறிபார்க்கத் துப்பாக்கியின் மேல் முன்னும் பின்னும் உள்ள முனைகள், குழலுக்கு மேலே ஏறத்தாழ அந்த உயரத்தில் இருக்கின்றன. தரையோடு தரையாகப் படுத்திருக்கும்போது குறிகளுக்கு இலக்கு தெளிவாகத் தெரியும். ஆனால் குழலுக்கு நேர் எதிரே பாயின் சுருண்ட ஓரமோ சிறு மண்மேடோ இருக்கும். சுட்டவுடன் முன்னால் மண் பொத்தென்று எழும், இலக்கில் துளை இருக்காது, சுட்டவர் பின்குறியைத் திருகத் தொடங்குவார். திருகுவதற்கு அங்கே ஒன்றுமில்லை. ஆழமில்லாத கோணத்தில் தரையில் பட்ட தோட்டா எகிறி எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது என்பதுதான் கவலை. படுத்தபின் குழல் மட்டத்துக்குத் தலையைத் தாழ்த்தி ஒருமுறை பார்த்துவிட்டு, எட்டிய தூரம் வரை வழி திறந்திருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுப் பார்க்க வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை, இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

காதுக்கு வருவோம். பிஸ்டல் வெடியின் உச்ச ஒலி 150 டெசிபெலைத் தாண்டும். 140க்கு மேல் ஒரே வெடிகூடச் செவியைக் கெடுக்கலாம். குப்புறப் படுத்து இலக்கைப் பார்க்கத் தலையைப் பின்னுக்கு வளைக்கும்போது, காதுறையின் கீழ் விளிம்பைத் தோளோ சட்டைக் காலரோ மேலே தள்ளிவிடுகிறது. பக்கத்தில் மண்டியிட்டுப் பார்த்தால் காதுமடலுக்குக் கீழே ஒரு விரல் நுழையும் இடைவெளி தெரியும். சுடுபவருக்கு அது தெரிவதே இல்லை. உள்ளே பஞ்சடைப்பான் (நுரைப்பஞ்சு இயர்பிளக்), மேலே காதுறை என்று இரண்டும் போடச் சொல்வது இதனால்தான்.

கண்ணாடி அணிபவர்களுக்கும் அதே வளைவுதான் சிக்கல். அவர்கள் மேல் விளிம்பு வழியாகப் பார்க்கிறார்கள். இரட்டைப் பார்வை (பைஃபோகல்) கண்ணாடியில் அந்த மேல்பகுதி தூரத்துக்கானது. கைநீளத்தில் இருக்கும் முன்குறி மங்கிப்போகும்.

இரண்டுக்கும் ஒரே மாற்று, முழுக்கக் குப்புறப் படுக்காமல் சற்று ஒருக்களிப்பது. வலக்கையர் வலப்பக்கம் லேசாகச் சாய்ந்து, கன்னத்தை வலது புயத்தில் சாய்த்தால் கழுத்து இளகும்; இடது முழங்காலை மடக்கினால் வயிறு தரையை விட்டு விலகி, மூச்சோடு குறி ஏறி இறங்குவது குறையும். வலது காதுறையைக் கை தள்ளும் என்பதால் பஞ்சடைப்பான் இங்கேயும் கட்டாயம். ரிவால்வர்க்காரர்கள் மட்டும், தோட்டா உருளைக்கும் குழலுக்கும் இடையிலான இடுக்கில் சூடான வாயு பீறிடும் என்பதை நினைவில் வைத்து, தாங்கும் கையின் பெருவிரலை அதற்குப் பின்னாலேயே வைத்துக்கொள்ள வேண்டும்.

கழுத்து எலும்புத் தேய்மானம் உள்ளவர்கள் படுத்துச் சுடுவதற்கு முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. படுத்திருக்கையில் விரல்கள் மரத்தாலோ மின்னல்போல் கைக்குள் கூச்சம் ஓடினாலோ அன்றைக்கு அதோடு நிறுத்திவிடுங்கள். சுடுதளத் தரையில் ஈயத்தூள் படிந்திருக்கும். முகம் அதற்கு அருகிலேயே இருந்திருக்கிறது. எதையும் வாயில் வைப்பதற்கு முன் கையையும் முகத்தையும் சோப்புப் போட்டுக் குளிர்ந்த நீரில் கழுவி, அந்த உடையை வீட்டுத் துணிகளோடு சேர்க்காமல் தனியாகத் துவைக்க வேண்டும்.