மாஸ்டால்ஜியா: நெஞ்சுவலி அன்று, மார்பகநோவு

மருத்துவச் சீட்டில் ‘மாஸ்டால்ஜியா’ என்று எழுதியிருப்பதைப் பார்த்து, ஏதோ புதிய நோய் வந்துவிட்டதென்று கலங்குவோர் உண்டு. கிரேக்கத்தில் ‘மாஸ்டோஸ்’ என்றால் முலை, ‘அல்கோஸ்’ என்றால் நோவு. நோயாளி சொன்னதையே இச்சொல் கிரேக்கத்தில் திருப்பிச் சொல்கிறதே தவிர, காரணம் எதையும் சொல்வதில்லை. (யானையை ஒத்த தொல்விலங்கான மாஸ்டோடனின் பெயரிலும் இதே முலைதான் இருக்கிறது, கடைவாய்ப் பல்லின் முகடுகள் முலைக்காம்பு போலிருந்ததால் பிரெஞ்சு விலங்கியலாளர் குவியே இட்ட பெயர்.)

தமிழில் ‘முலை’ பழைய, துல்லியமான சொல்; கண்ணகி திருகி எறிந்தது இடமுலை. இன்றோ அதைச் சொல்லக் கூசி, ‘நெஞ்சு வலிக்குது’ என்பதால், கேட்பவர் ஈசிஜி எடுக்கச் சொல்லிவிடுகிறார். ‘மார்பு’ ஆணுக்கும் பொது என்பதால் ‘மார்பகம்’ என்பதே பொருந்தும். குறளின் ‘வினைவலியும் தன்வலியும்’ என்பதில் ‘வலி’ வலிமையைக் குறிக்கிறது. ஈழத்துப் பேச்சில் இன்றும் வழங்கும் ‘நோவு’ அந்த இரட்டைப் பொருள் இல்லாதது. ‘மார்பகவலி’ நிலைத்துவிட்டதால் அதைத் தவறென்று சொல்ல மாட்டேன். என் தேர்வு ‘மார்பகநோவு’.

வகைப்பெயர்களில், மாதவிடாய்ச் சுழற்சியோடு வந்துபோகும் நோவுக்குச் ‘சுழற்சி வலி’ என்ற மொழிபெயர்ப்பு, வலியே சுழல்வதுபோல் ஒலிக்கிறது. ‘விடாய்சார் நோவு’ என்றால் போதும். விடாய்க்கு ஓரிரு வாரம் முன்னரே பெரும்பாலும் இரு மார்பகங்களிலும் கனத்து, அக்குள்வரை பரவி, விடாய் வந்ததும் தணிவது அது. இதை உறுதிசெய்ய கார்டிஃப் அட்டவணை உதவுகிறது: நாளுக்கொரு கட்டம், கடும் வலியானால் முழுக் கட்டத்தையும், மென்வலியானால் பாதியையும் கருமையாக்கி, விடாய் நாள்களைத் தனியே குறித்தால், இரண்டு மூன்று மாதங்களில் ஒழுங்கு இருக்கிறதா என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும்.

ஒழுங்கின்றி, பெரும்பாலும் ஒரே பக்கத்தில் வருவது ‘விடாய்சாரா நோவு’. வலி மட்டும் இருந்தால் அது புற்றுநோயாக இருப்பது அரிது என்றாலும், கட்டியோ காம்பில் கசிவோ இருந்தாலும், ஒரே புள்ளியில் விடாது வலித்தாலும் படமெடுத்துப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது வகையை மார்பகநோவு என்பதே பிழை. பெண்ணை ஒருக்களித்துப் படுக்கவைத்தால் மார்பகம் சரிந்து விலாவெலும்பு கைக்கு எட்டும். அங்கே அழுத்தும்போது ‘இதுதான், இதே வலிதான்’ என்று அவர் சொன்னால், அது மார்புச்சுவர் நோவு. விலாக் குருத்தெலும்பு வீங்கியும் இருந்தால், 1921-இல் அதை விவரித்த ஜெர்மன் அறுவை மருத்துவர் டீட்சேயின் பெயரால் அழைப்பார்கள்.