தொட்டியில் போட்ட குளோரின் குழாய்க்கு வந்ததா?

கிராமப்புறச் சுகாதார நிலையம் ஒன்றில் காலையிலேயே மேல்நிலைத் தொட்டிக்குள் பிளீச்சிங் பவுடர் கரைசலை ஊற்றிவிட்டு, பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிறார் ஊழியர். வேலை முடிந்தது. ஆனால் அந்தக் குளோரின் பிரசவ அறைக் குழாய்வரை போய்ச் சேர்ந்ததா? பதிவேட்டைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது.

பிளீச்சிங் பவுடர் தண்ணீரில் கரைந்ததும் ஹைப்போகுளோரஸ் அமிலம் உருவாகிறது. இதற்கு மின்னேற்றம் கிடையாது. அதனால் கிருமியின் சுவரை எளிதாக ஊடுருவி உள்ளே போய்ப் புரதங்களைச் சிதைத்துவிடும். தண்ணீரில் காரத்தன்மை ஏறினால் அதே அமிலம் எதிர்மின்னேற்றம் கொண்ட அயனியாக மாறிவிடும். கிருமியின் வெளிப்பரப்பிலும் எதிர்மின்னேற்றம்தான் இருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். காரத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 7.5-இல் இருந்தால் அமிலமும் அயனியும் பாதிக்குப் பாதி. 8.5-ஐத் தொட்டால் அமிலம் பத்தில் ஒரு பங்குதான் தேறும்.

இதைவிடப் பெரிய சிக்கல், குளோரினுக்கு ஆள் பார்க்கத் தெரியாது என்பது. தொட்டியின் அடியில் தங்கிய வண்டல், கிணற்று நீரில் கரைந்த இரும்பு, குழாய்ச் சுவரில் வழுவழுப்பாகப் படிந்த கிருமிப் படலம் என வழியில் எது எதிர்ப்பட்டாலும் அதனோடு வினைபுரிந்து தீர்ந்துபோகும். அப்படிச் செலவானதுபோக மிஞ்சுவதுதான் எஞ்சிய குளோரின். நம்மைக் காப்பது அந்த மிச்சம்தான். குளோரின் கலந்து குறைந்தது 30 நிமிடம் கழித்து லிட்டருக்கு 0.5 மில்லிகிராமாவது இருக்க வேண்டும், மக்கள் பிடிக்கும் இடத்தில் 0.2-க்குக் கீழே போகக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1,000 லிட்டர் தொட்டிக்கு லிட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் 2 கிராம் குளோரின் வேண்டும். புதிய பவுடரில் வீரியமுள்ள குளோரின் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. ஆக 6 கிராம் பவுடர் போதும். அதே பவுடர் வாய் கட்டாத மூட்டையில், வெக்கையிலும் ஈரக்காற்றிலும் கிடந்து வீரியம் பாதியாகிவிட்டது என்றால்? 6 கிராமில் 1 கிராம்தான் குளோரின். அளந்து போட்டவர் மேல் தப்பே இல்லை, ஆனாலும் கடைசிக் குழாயில் ஒன்றும் மிஞ்சாது.

'வாடை வருதே, போதும்' என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். மூக்கை நம்ப முடியாது. அம்மோனியா கலந்த அழுக்கோடு குளோரின் சேர்ந்து உண்டாகும் குளோரமீன்களுக்கும் காட்டமான வாடை உண்டு. கிருமியைக் கொல்லும் திறனோ குறைவு. 1847-இல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர், பிணக்கூறாய்வு முடித்துவிட்டு நேராகப் பிரசவம் பார்க்க வந்த மருத்துவர்களைக் குளோரின் கரைசலில் கை கழுவ வைத்தார். பிணவாடையைப் போக்குகிறது என்பதால்தான் அந்தக் கரைசலைத் தேர்ந்தெடுத்தார். கிருமிகளைப் பற்றி அப்போது அவருக்குத் தெரியாது. ஏப்ரலில் நூற்றுக்கு 18 என்றிருந்த தாய்மார் மரணம் ஜூனில் 2 அளவுக்கு இறங்கியது. அவருடைய மூக்கு சரியான இடத்துக்குக் கொண்டுபோய்விட்டது. எல்லாருக்கும் அப்படி வாய்க்காது.

ரத்தம் சிந்திய தரைக்கும் இதே கணக்குதான். அங்கே பயன்படும் 0.5 சதவீதக் கரைசலில் லிட்டருக்கு 5,000 மில்லிகிராம் குளோரின் இருக்கிறது. குடிநீரில் வேண்டிய 0.5-ஐப் போல 10,000 மடங்கு. அத்தனை காட்டமானதைக்கூட ரத்தத்தின் மேலேயே நேராக ஊற்றினால், அதிலுள்ள புரதமே பெரும்பகுதியைத் தின்றுவிடும். முதலில் உறிஞ்சும் துணியால் துடைத்தெடுத்துவிட்டு, அப்புறம் கரைசலை ஊற்றிப் பத்து நிமிடம் விட வேண்டும். (கழிப்பறை கழுவும் ஆசிட்டோடு மட்டும் கலந்துவிடாதீர்கள், நச்சு வாயு கிளம்பும்.)

சரி, குழாயில் மிச்சம் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? ஒரு சிறு கண்ணாடிக் குப்பியும், குளோரின் பட்டால் நிறம் காட்டும் டிபிடி (DPD) என்ற சோதனை மாத்திரையும் போதும். தொட்டிக்குப் பக்கத்துக் குழாயை விட்டுவிட்டு, ஆகக் கடைசிக் குழாயில் பிடிக்க வேண்டும். பெரும்பாலும் அது பிரசவ அறையாகவோ கழிப்பறையாகவோ இருக்கும். மாத்திரை கரைந்ததும் தண்ணீர் இளஞ்சிவப்பானால் குளோரின் இருக்கிறது. நிறம் எவ்வளவு அழுத்தம் என்பதை அட்டையோடு ஒப்பிட்டால் அளவும் தெரிந்துவிடும்.

நிறமே வரவில்லையா? உடனே இன்னொரு கரண்டி பவுடரைத் தேடுவார்கள். அதற்குமுன் தொட்டிக் குழாயிலும் ஒரு குப்பி பிடித்துப் பாருங்கள். அங்கேயும் நிறம் இல்லையென்றால் பவுடர் செத்திருக்கும், அல்லது தொட்டியில் வண்டல் சேர்ந்திருக்கும். அங்கே சிவந்து, இங்கே வெளுத்தால் குளோரின் நடுவழியில் தீர்ந்திருக்கிறது. குழாய் எங்காவது விரிசல் விட்டிருக்கலாம். தண்ணீர் நின்றுபோகும் நேரங்களில் குழாய்க்குள் அழுத்தம் விழுந்து, பக்கத்துச் சாக்கடை நீரை அந்த விரிசல் வழியாகவே உள்ளே உறிஞ்சிக்கொள்ளும்.